தம்பி கொடுத்த சான்ட்ரோ

கோட்டையூர்
2 ஜூன் 2024

பிரகாஷ்,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸப்பில் எழுதினால் நீ பார்த்துவிட்டாயா இல்லையா என்று கோடு நிறம் மாறுவதையே பார்த்துக்கொண்டு அடுப்பில் இருப்பதைத் தீய விடுகிறேன். அதனால் பேப்பரை எடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுக்கிறவள், சொந்தத் தம்பிக்கு எழுதி எத்தனை காலம் ஆயிற்று பார்.

என் மகள் ஜெரினா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மச்சான் அதை வேண்டுமென்று சொல்லவில்லை. எங்கள் பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த சுபலட்சுமி டீச்சர் வாசலில் நின்ற காரைப் பார்த்து, "டீச்சர், கார் உங்களதா? சொல்லவே இல்லையே" என்று கேட்டார்கள். அதற்கு இவர், "எங்க மச்சினன் கம்பெனியில செஞ்ச தகர டப்பா டீச்சர். அவன் குடுத்தான், நாங்க உருட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாய். ஜெரினா வெள்ளை கவுனோடு தெருமுனை வரை உன் பின்னால் ஓடி வந்தாள். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நினைத்திருப்பாய். நான் தயிர்ப்பச்சடி வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வண்டி நன்றாக ஓடுகிறது.

அக்கா
யூஜினியா


ஸ்ரீபெரும்புதூர்
23 ஜூன் 2024

அக்கா,

கடிதம் கிடைத்தது. கோபம் போகவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். எழுதும்போது கத்த முடியாது, அதனால் நானும் எழுதுகிறேன்.

உபகாரசாமி மச்சான் படித்தவர். கல்லூரி அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். நான் கார் கம்பெனியில், லைனில் வரிசையாக வரும் வண்டிகளுக்குக் கதவு மாட்டுகிறவன். நாள் முழுக்க அதுதான். மாட்டி, ஒருதரம் சாத்திப் பார்ப்பேன். சத்தத்திலேயே தெரிந்துவிடும், சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்று. ஐந்து வருடத்துக்கு முன் உனக்கென்று பதிவு செய்திருந்த வண்டி லைனில் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. அந்த மாதம் வந்த வெள்ளை சான்ட்ரோ எல்லாவற்றையும் உன் வண்டி என்று நினைத்துத்தான் மாட்டினேன். அதைத்தான் அவர் தகர டப்பா என்றார்.

எங்களைப் பார்த்துச் சிரித்தது அவர் மட்டும் இல்லை. எங்கள் ஹூண்டாய் கம்பெனி முதலில் சொந்தமாக விட்ட கார் போனி. கொரியாவில் ஓடியது. எண்பத்தாறில் எக்ஸெல் என்ற சின்ன வண்டியை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். விலை குறைவு என்று முதலில் அள்ளிக்கொண்டு போனவர்கள், பிறகு டிவியில் உட்கார்ந்து அதை வைத்தே கேலி பேசினார்கள். கம்பெனி பதிலுக்குப் பேசவில்லை. என்ஜினுக்குப் பத்து வருடம் நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தது. இங்கே தொண்ணூற்றெட்டில் முதல் சான்ட்ரோ வந்தபோதும் அதேதான். உயரமான கூரையைப் பார்த்து ‘இதென்ன, தொப்பி வைத்த மாதிரி’ என்றார்கள். பிறகு அதே தொப்பிக்குள் பெரிய தலைப்பாகைக்காரர்கள் எல்லாம் வசதியாக உட்கார்ந்து போனார்கள்.

கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் கதை ஒன்றை எங்கள் செக்ஷன் தலைவர் நாச்சியப்பன் அண்ணன் சொல்வார். ஏழை விவசாயி மகன். அப்பா மாட்டை விற்று வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு சின்ன வயதில் ஊரைவிட்டு ஓடியவர். கடைசியில் எல்லாம் ஆனபிறகு, எண்பது வயதுக்கு மேல், லாரி லாரியாக மாடுகளை ஏற்றிக்கொண்டு வடகொரியாவில் இருந்த அந்தப் பழைய ஊர்ப் பக்கம் போனார். ஆயிரத்தொரு மாடு. அதுவும் இங்கே சான்ட்ரோ வந்த அதே வருடம். இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் மூக்கை உறிஞ்சுவார்.

ஏன் இவ்வளவும் எழுதுகிறேன் என்றால், ஆயுத பூஜைக்கு எங்கள் செக்ஷன் ஆட்களே சேர்ந்து ஒரு சின்ன மலர் போடுகிறோம். கம்பெனி வரலாற்றை நான் எழுதுகிறேன். வண்டி வைத்திருக்கும் ஒருவர் அனுபவமும் வேண்டும். நீ எழுது. நல்லது கெட்டது இரண்டும் எழுது. மச்சான் சொன்னது தப்பு என்று நான் நினைக்க வேண்டும் என்றால், அதை நீ எழுத்தில் சொல்.

பிரகாஷ்


கோட்டையூர்
18 ஆகஸ்ட் 2024

பிரகாஷ்,

தாமதத்துக்குக் கோபிக்காதே. காலாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் எடுக்கும் வேலை. நீ கேட்டதைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்.

"என் பெயர் யூஜினியா. ஆசிரியை. என் தம்பி பரிசாகக் கொடுத்த சான்ட்ரோவை ஐந்து ஆண்டுகளாக ஓட்டுகிறேன். கார் ஓட்டப் பழகியதே இதில்தான். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில் பெரிய வண்டிகள் பின்வாங்கித் திணறும்போது, இது கேட்காமலே வளைந்து போய்விடும். சென்ற வாரம்கூட இடைக்காட்டூர் கோவிலுக்குப் போய் வந்தோம். வழி முழுக்க மழை. என் மகள் பின் இருக்கையில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டே வந்தாள். கண்ணாடிக்கு வெளியே மழை பெய்வதே அவளுக்குத் தெரியவில்லை. ஏசி போட்டால் மே மாத வெயிலையும் மறந்துவிடலாம். பெட்ரோல் விஷயத்தில் கஞ்சம், அது நல்ல குணம். மூன்று பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்தால் கொஞ்சம் இடிக்கும், அது ஒன்றுதான் குறை. ஒவ்வொரு நாள் காலையிலும் கதவைச் சாத்தும்போது என் தம்பியின் கை ஞாபகம் வரும்."

போதுமா? ரொம்ப நீளமாகிவிட்டதோ என்னவோ.

போட்டோ கேட்காதே. தண்ணீர்க் குழாய்க்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வண்டியைத் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறோம்.

அக்கா


ஸ்ரீபெரும்புதூர்
8 செப்டம்பர் 2024

அக்கா,

சாப்பாட்டு நேரத்தில் உன் தாளை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். "ஒவ்வொரு நாள் காலையிலும் கதவைச் சாத்தும்போது" என்று வந்ததும் நிறுத்திவிட்டேன். நாச்சியப்பன் அண்ணன் தாளை வாங்கி மிச்சத்தை அவரே வாசித்தார். முடித்துவிட்டு, "ஏப்பா, இத்தன வருசமா நாம மாட்டி அனுப்புறோம். எங்க போகுது, யாரு ஏறுறாகன்னு ஒருத்தரும் நமக்குச் சொன்னதில்ல. ஒங்க அக்கா சொல்லிட்டாக" என்றார். எதிரில் உட்கார்ந்திருந்த பையன்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்கள்.

மச்சான் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. அவர் என்ன சொன்னால் என்ன, ஓட்டுகிறவள் நீதானே.

மலரின் கடைசிப் பக்கம் உன்னுடையது. தெரு வேலை முடிந்திருக்கும். வண்டியோடு நீயும் ஜெரினாவும் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மச்சானும் நின்றால் நிற்கட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பிரகாஷ்


கோட்டையூர்
15 செப்டம்பர் 2024

பிரகாஷ்,

நான் எழுதியதை மலரில் போட வேண்டாம். ஏதோ அவசரத்தில் எழுதினேன். நடை சரியில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது பார்த்தால் தம்பி கம்பெனிக்கு விளம்பரம் செய்கிறாள் என்பார்கள். வேறு யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள். உங்கள் செக்ஷனிலேயே வண்டி வைத்திருப்பவர்கள் இருப்பார்களே.

தயவுசெய்து என் பெயரை எடுத்துவிடு. ஏன் என்று கேட்காதே.

அக்கா


ஸ்ரீபெரும்புதூர்
29 செப்டம்பர் 2024

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே மலர் அச்சுக்குப் போய்விட்டது. கட்டுக் கட்டாக வந்து நாச்சியப்பன் அண்ணன் மேசைக்கு அடியில் இருக்கிறது. ஏன் என்று கேட்காதே என்றாய். கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

என்னோடு ஐடிஐ படித்த ஈஸ்வரனின் அப்பா இறந்துவிட்டார் என்று போன வாரம் காரைக்குடிக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. அது என் தப்பு. சுடுகாட்டிலிருந்து திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளைச் சான்ட்ரோ ஒன்று வந்து நின்றது. உன் நம்பர். உள்ளே முன்பக்கம் நான் ஒட்டிக் கொடுத்த வேளாங்கண்ணி மாதா. அக்காதான் வந்துவிட்டாள் என்று டீக் கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன். மச்சானோடு பேசும்படி ஆகிவிடுமோ என்றுகூட நினைக்கவில்லை. ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன்.

உள்ளே வேறு ஒரு அம்மா இருந்தார்கள்.

"என்ன தம்பி? யாரு வேணும்?" என்றார்கள். பயப்படவில்லை. மடியில் ஒரு கட்டுக் கீரை இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், நான் இந்தக் கார் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன், அதனால் பார்த்தேன் என்றேன். அவர்கள் முகம் விரிந்துவிட்டது.

"அட, அப்படியா? நீங்க செஞ்சதா? அங்குட்டு நிக்காதீக, வெயிலா இருக்கு. உள்ள வந்து உக்காருங்க."

பெயர் துர்காதேவி. கீழச்சிவல்பட்டி. திருப்பத்தூரில் கூட்டுறவு சங்கத்தில் வேலை. தினமும் அவர்களேதான் ஓட்டிக்கொண்டு போய் வருகிறார்கள். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பிரேக்கப் புடிச்சா நிக்குது. சாவியத் திருப்புனா வருது. எங்க வீட்டுக்காரருகிட்ட இந்த ரெண்டுமே நடக்காது" என்று சிரித்தார்கள். "எங்க தெருவுல யாருக்கு ஆஸ்பத்திரின்னாலும் இதுதான் தம்பி. போன வாரம் ஒரு புள்ளத்தாச்சியக் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் கத்திக்கிட்டு வந்துச்சு. எறங்கி உள்ள போனதும் பொம்பளப் புள்ள. எம் மாமியாரு சீட்டத் தொடைக்கச் சொன்னாக. நாந்தான், இருக்கட்டும், காயட்டும்னு விட்டேன்."

மாதா படத்தைக் காட்டினேன். "அது முன்னமே இருந்துச்சு. எடுக்க மனசு வரல. பக்கத்துலயே எங்க புள்ளையாரையும் வச்சுட்டேன். ரெண்டு பேரும் பேசிக்கிட்டு வரட்டும்."

கடைசியாகத்தான் கேட்டேன். யாரிடம் வாங்கினீர்கள் என்று.

"கோட்டையூருல ஒரு டீச்சரம்மாகிட்ட. ஆடி பொறக்குறதுக்கு முன்னாடியே வாங்கிட்டோம். பாவம், அவுக வெளியவே வரல. அவுக வீட்டுக்காரருதான் சாவியக் குடுத்தாரு. நாங்க வண்டிய எடுக்கைல அந்தம்மா சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாக."

நான் உன் தம்பி என்று சொல்லவில்லை. இறங்கி, கதவைச் சாத்தினேன். கதவு சரியாகத்தான் சாத்தியது.

இடைக்காட்டூருக்கு எதில் போனாய் அக்கா? சென்ற வாரம்கூட என்று எழுதினாயே. ஜெரினா எதன் பின் சீட்டில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னாள்? நான் அதை நாற்பது பேர் முன்னால் வாசித்தேன்.

மச்சான் விற்றார் என்றால் நான் அவரைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். நீ ஏன் பொய் சொன்னாய்?

பிரகாஷ்


கோட்டையூர்
6 அக்டோபர் 2024

பிரகாஷ்,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் வாசித்தேன். அடுத்த வகுப்புக்கு நான் போகவில்லை. தலைவலி என்று சொல்லி உட்கார்ந்திருந்தேன். அதுவும் பொய்தான்.

மச்சான் விற்றார் என்று நீ எழுதியிருந்தாய். அந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. இவர் விற்கவில்லை. விற்கச் சொன்னவள் நான்.

ஜூலை முதல் வாரம் எங்கள் தலைமையாசிரியை மகள் கல்யாணம். கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டை எடுத்து நடத்தினார்கள். வாசலிலிருந்து தெருக்கோடி வரைக்கும் வண்டிகள். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாசலில் யூனிபார்ம் போட்ட ஒருவர் நம் வண்டியைப் பார்த்ததும் கையை ஆட்டி, "சமையல் ஆளுக எல்லாம் பின்னாடி போங்க" என்றார். இவர் சிரித்துக்கொண்டே பின்பக்கம் கொண்டுபோய், அண்டாக்கள் இறக்குகிற வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இவருக்கு அது ஒரு பேச்சாகவே படவில்லை. நான் கழுவின தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தேன். எனக்குத் தெரிந்த வேறு பள்ளிக்கூடத்து டீச்சர்கள் சிலர் பார்த்துவிட்டார்கள்.

"என்ன டீச்சர், இங்குட்டு வாரீக?" என்று கேட்டார்கள்.

நான் சொன்னேன்: "எங்க வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு டீச்சர். இது எங்க தம்பி வண்டி, அவசரத்துக்கு எடுத்துட்டு வந்தோம்."

இவர் பக்கத்தில்தான் நின்றார். நான் இலையில் உட்கார்ந்திருக்கும்போது என்னை ஒருதரம் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

சர்வீஸுக்குப் போன வண்டி என்று ஒன்றைச் சொல்லிவிட்டேன் அல்லவா, அப்படி ஒன்று வீட்டில் இருக்க வேண்டுமே. ஒரு வாரம் இவர் காதைத் தின்றேன். இவர்தான், "வேணாம் யூஜி. ஒந்தம்பி ஆசையாக் குடுத்தது. நான் அன்னைக்கு வாய்த் துடுக்குல ஒண்ணு சொல்லி அவன் சாப்புடாமப் போயிட்டான். இதையும் வித்தா அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்றார். நான் கேட்கவில்லை. என் பெயரில் இருந்த வண்டி. கையெழுத்துப் போட்டவள் நான். இப்போது வாசலில் நிற்பது வேறு கம்பெனிப் பெரிய வண்டி. நம் தெருவில் அதைத் திருப்பக்கூட முடியவில்லை. நான் அதை ஓட்டுவதும் இல்லை, பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நீ அனுபவம் கேட்ட கடிதத்தை எடுத்து வாசித்தேன். விற்றுவிட்டேன் என்று எழுதியிருக்கலாம். பேனாவை எடுத்தேன், இடைக்காட்டூர் மழை வந்துவிட்டது. பிரகாஷ், அந்த மழை பொய் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் உண்மையிலேயே போனோம். ஜெரினா உண்மையிலேயே வாய்ப்பாடு சொன்னாள். சென்ற வாரம் என்று போட்டதுதான் பொய். கதவைச் சாத்தும்போது உன் கை ஞாபகம் வரும் என்றது, அது வண்டி போன பிறகுதான் வந்தது.

சன்னலில் நின்றது உண்மை. அந்த அம்மாவுக்கு முகம் காட்ட முடியவில்லை.

உங்கள் ஆட்களிடம் என்ன வேண்டுமானாலும் சொல். என் பெயரைச் சொல்லியே சொல்.

அக்கா


ஸ்ரீபெரும்புதூர்
20 அக்டோபர் 2024

அக்கா,

ஆயுத பூஜை முடிந்தது. பொரி, கடலை, சந்தனம் எல்லாம் கொடுத்து முடித்ததும் மலரைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் நாள் இரவே நாச்சியப்பன் அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று போய், சொல்லாமல் திரும்பி வந்திருந்தேன். பையன்கள் நேராகக் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினார்கள். அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

"கடைசிப் பக்கத்துல இருக்குறது எங்க அக்கா எழுதுனது. ஆனா அந்த வண்டி இப்ப எங்க அக்காகிட்ட இல்ல. வித்துட்டாக. வித்த பெறகுதான் எழுதுனாக" என்றேன்.

பின்னால் ஒருவன் மட்டும் சிரித்தான். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. நாச்சியப்பன் அண்ணன், "சரி, இப்ப யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். அப்புறம்தான் துர்காதேவி அம்மா சொன்னதைச் சொன்னேன். பிரேக்கைப் பிடித்தால் நிற்பது, சாவியைத் திருப்பினால் வருவது, வீட்டுக்காரரிடம் இரண்டும் நடக்காதது. கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். பிள்ளைத்தாச்சி கதையைச் சொன்னபோது அடங்கினார்கள். அண்ணன் பேனாவை எடுத்துத் தன் பிரதியில் உன் கட்டுரைக்குக் கீழே, "மிச்சம் கீழச்சிவல்பட்டியில்" என்று எழுதிக்கொண்டார். உன் பக்கத்தை யாரும் கிழிக்கவில்லை.

நானும் சிரித்தேன். பஸ்ஸில் ரூமுக்குத் திரும்பும்போது சிரிப்பு போய்விட்டது.

உன் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று யோசித்துக்கொண்டே வந்தேன். உன் கல்யாணத்துக்கு நாம் எதில் போய் இறங்கினோம் ஞாபகம் இருக்கிறதா? அப்பா சிமெண்ட் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய லோடு ஆட்டோவில். மச்சான் வீட்டு ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பின்பலகையைத் திறந்து குதிக்கும்போது உடம்பெல்லாம் கூசியது. அன்றைக்கு மனதில் வைத்ததுதான் அந்தக் கார். உனக்குக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தத்தான் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டு விட்டேனா? போன் பண்ணும்போதெல்லாம் முதல் கேள்வி வண்டி எப்படி ஓடுகிறது. ஆயில் மாற்றினாயா. கீறல் விழுந்ததா. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கடைசியாக எப்போது கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. துர்காதேவி அம்மா பிள்ளைத்தாச்சியை ஏற்றினார்கள். நீயாக இருந்தால், தம்பி கேட்பானே என்று சீட்டைத் துடைத்திருப்பாய். அவர்கள் அதை ஓட்டுகிறார்கள். நீ ஐந்து வருடமாக எனக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்தாய்.

கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். அப்பா அம்மா கல்லறைக்கு உங்கள் வண்டியிலேயே போகலாம். மச்சானிடம் சொல், நான் பந்தியில் எழுந்து போனதற்கு வருத்தப்படுகிறேன் என்று. வேண்டாம், நானே சொல்கிறேன்.

பிரகாஷ்


கோட்டையூர்
5 நவம்பர் 2024

பிரகாஷ்,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தியை ஜெரினா போனில் காட்டினாள். வந்ததற்கு உனக்கு நன்றி சொன்னால் சிரிப்பாய். சொல்லாமல் விடுகிறேன்.

கல்லறையில் நீயும் இவரும் மெழுகுவர்த்தி அணையாமல் இருக்கக் கையைக் குவித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். இரண்டு பேரும் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

வேறொன்றைக் கேட்க வேண்டும். உன்னை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்து இவர் வண்டியை நிறுத்தினார். நிறுத்திவிட்டு இறங்கவே இல்லை. விளக்கெல்லாம் அணைந்த பிறகும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"என்ன, எறங்கலையா?"

"ஒந்தம்பி இந்த வண்டியில ஏறும்போது பாத்தியா?"

"என்ன?"

"செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு ஏறுனான். கல்லறைக்குப் போகையிலயும், திரும்பி வரையிலயும், பஸ் ஸ்டாண்டுக்குப் போகையிலயும். வெறுங்காலோட உக்காந்து வந்தான். ‘போட்டுக்கப்பா, மண்ணுதானே’ன்னு சொல்ல வாய் வரை வந்துச்சு. சொல்லல."

"ஏன் சொல்லல?"

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், "தகர டப்பான்னு சொன்ன வாய்" என்றார்.

சாப்பிடக் கூப்பிட்டேன். பசிக்கவில்லை என்றார். ஜெரினா கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் இறங்கி வந்தார். மறுநாள் காலையில் பார்த்தால், புது வண்டி அழுக்காகாமல் இருக்க உள்ளே விரித்திருந்த பிளாஸ்டிக் தாள் எல்லாவற்றையும் உருவி எடுத்து வெளியே போட்டிருந்தார்.

நீ அதைக் கோபத்தில் செய்தாயா, பழக்கத்தில் செய்தாயா? இவர் என்னிடம் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன்.

அக்கா


ஸ்ரீபெரும்புதூர்
14 நவம்பர் 2024

அக்கா,

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பழக்கம் என்று எழுதினால் பொய். என் பைக்கில் செருப்போடுதான் ஏறுகிறேன். கோபம் என்று எழுதினாலும் பொய். அன்றைக்கு மச்சான் மேல் எனக்குக் கோபமே இல்லை. கல்லறையில் அவர்தான் முதலில் பேசினார்.

நான் நாள் முழுக்க கதவு மாட்டுகிறேன். லைனில் மாட்டின வண்டி ஒன்றிலும் நாங்கள் ஏறி உட்காருவதில்லை. அது இன்னொருத்தருடையது என்று தெரிந்தே மாட்டுகிறோம். அன்றைக்கு மச்சான் கதவைத் திறந்து விட்டு, "ஏறுப்பா" என்றார். அவரே இறங்கி வந்து திறந்துவிட்டார். அந்த மனுஷனை இத்தனை மாதம் மனதுக்குள் என்னென்ன திட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

செருப்போடு ஏறக் கால் கூசியது அக்கா. அவ்வளவுதான்.

இதை மச்சானிடம் வாசித்துக் காட்டு.

பிரகாஷ்